டின்னில் வந்த பீரும் நம் கைத்திறனும்

(ரிங்லெட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாங்கள் கீழ்நாட்டு ரப்பர் தோட்டக்காரர்கள். தாப்பாவில் பஸ் ஏறும்போது வேர்த்துக் கொட்டியது. ரிங்லெட்டில் இறங்கியதும் சால்வை எங்கே என்று தேடுகிறோம். இந்தக் குளிரிலே விடியற்காலையில் எழுந்து, பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே நின்று வேலை செய்யும் உங்களுக்கு முதலில் எங்கள் வணக்கம்.

கூலி உயர்வைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். பீரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் சிலர் முகம் சுளிக்கலாம். இளைஞர்கள் சிலர், "வந்துவிட்டார்கள் உபதேசம் செய்ய" என்று பின்வரிசையிலிருந்து எழுந்து போகவும் நினைக்கலாம். சற்றுப் பொறுங்கள். கூலியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். போராடி வாங்கிய கூலி எந்தக் கதவு வழியாக வெளியே போகிறது என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலையே.

இப்போது டின்னில் ஒரு புதுவகை பீர் வருகிறது. கிராஃப்ட் பீர் என்கிறார்கள். கைவினை பீர் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தொடங்கிய மோகம் சுற்றுலாக்காரர்களின் கார்களில் மலையேறி வந்துவிட்டது. ஓட்டல்களிலும் கடைகளிலும் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளின் கைக்கு அது வந்துவிட்டது. லயத்து வாசற்படிகளிலும் அந்த வண்ணவண்ண டின்களைப் பார்க்கிறோம்.

ஒரு பாட்டி கேட்ட கேள்வி

சென்ற முறை இங்கே வந்தபோது ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். அந்த வீட்டுப் பையன் தானா ராத்தாவில் ஓட்டல் வேலை பார்ப்பவன். நல்ல பிள்ளை, வீட்டுக்குப் பணம் கொடுப்பவன். வேலை முடிந்து வந்தவன் ஒரு டின்னை மேசையில் வைத்தான். நீலமும் மஞ்சளுமாகப் படம் போட்டு, பார்க்க அழகாக இருந்தது. அவனுடைய பாட்டி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, பெயிண்டு டப்பாவா?" என்று கேட்டார்.

பையன் சிரித்தான். "இல்லே பாட்டி, இது பீரு. பெரிய ஆலையில செய்யறது இல்லே. நாலு பேர் சேர்ந்து கையால செய்யறாங்க. எந்தப் பூவைப் போட்டாங்க, எந்த ஊர் தானியம், யார் காய்ச்சினாங்க, எல்லாம் இதுலேயே எழுதியிருக்கு பாருங்க" என்று காட்டினான்.

பாட்டி டின்னைக் கீழே வைத்தார். "காய்ச்சினவன் பேரைக்கூட எழுதியிருக்கா? நான் நாப்பது வருஷம் கொழுந்து எடுத்தேன். எந்தப் பாக்கெட்டுலடா என் பேரு இருக்கு?" என்று கேட்டார்.

பையனால் பதில் சொல்ல முடியவில்லை. நாங்களும் வாயடைத்துப் போனோம். அந்தக் கேள்வியைத்தான் இந்த மேடைக்குக் கொண்டு வந்திருக்கிறோம்.

டின் வந்த கதை

எதையும் தெரிந்துகொண்டு பேச வேண்டும். பீரை டின்னில் அடைத்து விற்பது புதிதல்ல. அமெரிக்காவில் நியூவார்க் நகரத்து குரூகர் பீர் ஆலை, 1935 ஜனவரி 24-ஆம் நாள் வர்ஜீனியாவிலுள்ள ரிச்மண்ட் நகரில் முதன் முதலாக டின் பீரை விற்பனைக்கு வைத்தது. அன்றைய டின் கனத்த இரும்புத் தகடு. கூரான கருவியால் ஓட்டை போட்டுத்தான் குடிக்க வேண்டும். 1959-இல் கூர்ஸ் ஆலை அலுமினிய டின்னைக் கொண்டு வந்தது. 1960-களின் தொடக்கத்தில், விரலால் இழுத்துத் திறக்கும் மூடி வந்தது. குடிப்பது அவ்வளவு சுலபமாயிற்று.

ஆனாலும் டின் பீர் என்றால் மட்டமான பீர் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. சிறிய அளவில், ருசிக்காகக் காய்ச்சிய கைவினைக்காரர்கள் கண்ணாடிப் புட்டியையே மதித்தார்கள். 2002-ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தில் லயன்ஸ் என்ற சிற்றூரிலிருந்த ஆஸ்கர் புளூஸ் என்ற சிறிய பீர்க்கூடம் துணிந்து தன் சரக்கை டின்னில் அடைத்தது. மேசைமீது வைத்துக் கையால் நிரப்பி மூடும் ஒரு சிறு யந்திரம்தான் அவர்களிடம் இருந்தது. முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே பின்பற்றினார்கள். 2020-இல் கொரோனா நோய் வந்து குடிக்கடைகள் மூடப்பட்டபோது, பீப்பாயில் ஊற்றி விற்றுக் கொண்டிருந்த சிறு பீர்க்கூடங்கள் உலகெங்கும் டின்னுக்கு ஓடின. வீட்டுக்கு எடுத்துப் போகத் தகுந்தது அதுதானே.

டின்னில் உண்மையான நன்மைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பீரில் கசப்புக்காகச் சேர்ப்பது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. வெளிச்சம் பட்டால் அந்தக் கசப்புச் சத்து சிதைந்து கெட்ட வாடை வரும். காற்றுப் பட்டாலும் ருசி போய்விடும். டின் இரண்டையும் தடுக்கிறது. கனமில்லை, உடையாது, சீக்கிரம் குளிரும், அடுக்கி ஏற்றலாம், உருக்கித் திரும்பவும் டின்னாக்கலாம்.

தேயிலை ஆலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். உருட்டிய கொழுந்தைக் காற்றாட விட்டால்தான் அது பச்சை மாறிச் செம்பு நிறம் பெற்று மணம் கொடுக்கும். அங்கே காற்று நண்பன். பீருக்குக் காற்று பகைவன். எத்தனை நிமிடம் விடுவது, எப்போது சூளைக்கு அனுப்புவது என்பதை மூக்காலும் விரலாலும் அறிகிறவன் நம் தொழிலாளி. பீர் காய்ச்சுகிறவனின் கைத்திறனுக்கு அது எந்த விதத்தில் குறைந்தது? இந்தக் கேள்வியைப் பின்னால் எடுத்துக் கொள்வோம்.

கள்ளுக்கடை நாட்கள்

இப்போது கொஞ்சம் பழைய கதை. நம்முடைய தாத்தாமார்களின் காலத்தில் ரப்பர் தோட்டம் என்றால் லயம், ஆயாக் கொட்டகை, கோயில், கள்ளுக்கடை ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான். பகலெல்லாம் மரம் வெட்டிப் பால் எடுத்தவன் மாலையில் கள்ளுக்கடையில் வரிசை பிடிப்பான். வெளிக்கடைக்குப் போனால் மறுநாள் வேலைக்கு வரமாட்டான் என்று கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் திரும்ப வாங்கிக் கொள்ளும் ஏற்பாடு அது. அந்த இலாபத்திலிருந்து கொஞ்சம் எடுத்துத் தொழிலாளருக்குப் பந்து, வாத்தியம், திருவிழாச் செலவு என்று கொடுத்ததும் உண்டு. நம் பணத்தில் நமக்கே தருமம்!

இதைக் கண்டு மனம் கொதித்தவர்கள் நம் முன்னோர்கள். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முதலியவர்கள் தலைமையில் ரப்பர் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் சமமான கூலி இருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது. துரைக்கு எதிரே சைக்கிளில் ஏறிப் போகும் உரிமை இருந்தது. அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இருந்தது. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர் உயிர் துறந்தனர். போருக்குப் பின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் மோதல் நடந்து பலர் கைதானார்கள்.

இந்தத் தோழர்கள் பக்தி மார்க்கத்துக்காக மட்டும் கள்ளை எதிர்த்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சைக்கிளில் ஏறும் உரிமையையும் கள்ளுக்கடையை மூடுவதையும் ஒரே தாளில் எழுதினார்களே, ஏன்? இரண்டும் மானத்தின் கேள்வி. துரையின் முன் தலைநிமிர்ந்து நிற்க வேண்டுமானால் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடக்கக் கூடாது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இது நமக்கு மட்டும் வந்த துன்பமும் அல்ல. பிரிட்டனிலேயே சாராயக் கடைகளில் வைத்துக் கூலி கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1883-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றித்தான் அதைத் தடுத்தார்கள். நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலும் இந்தப் பாடம் இருக்கிறது. மதுக்கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கலாகாது. வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக மதுவைக் கொடுக்கலாகாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் இரண்டு வரிதான். அந்த வரிகளுக்குப் பின்னால் எத்தனை குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

வெட்கம் போன இடம்

அப்படியானால் இன்று என்ன மாறியது?

கள்ளுக்கு ஒரு கடை இருந்தது. திறக்கும் நேரம், மூடும் நேரம் இருந்தது. இறக்கிய கள் மறுநாள் புளித்துப் போகும். சேர்த்து வைக்க முடியாது. தென்னை செழிக்காத இந்த மலைக்கு அது சுலபமாக ஏறி வரவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கள்ளுக்கடைக்குப் போகிறவனுக்கு ஒரு வெட்கம் இருந்தது. மாமனாரைக் கண்டால் மங்கை மறைப்பான்.

டின்னுக்குக் கடை வேண்டாம், நேரம் வேண்டாம். சட்டைப் பையிலும் வரும், மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் வரும். மாதக்கணக்கில் கெடாது. வெட்கமும் வேண்டாம், ஏனென்றால் இது கௌரவத்தின் அடையாளமாகிவிட்டது. கள் குடித்தவனைக் குடிகாரன் என்றோம்; சம்சு குடித்தவனைக் கேவலமாகப் பார்த்தோம்; கைவினை பீர் டின்னோடு படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்புகிறவனை ருசி தெரிந்தவன் என்கிறோம். வயிற்றுக்குள் போனபின் மூன்றிலும் இருக்கும் சாராயச் சத்து ஒன்றேதான். மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 1988-லேயே சேர்த்துவிட்டது. இந்த அளவு குடித்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லையென 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் அறிவித்தது. அது கள்ளுக்கும் பொருந்தும், வண்ணப்படம் போட்ட டின்னுக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் இளைஞர்கள் கணக்கிட வேண்டும். சாதாரண பீர் டின் 320 மில்லி லிட்டர். சாராயச் சத்து நூற்றுக்கு 5 என்றால் அதில் 16 மில்லி இருக்கும். கைவினை பீரில் நூற்றுக்கு 8 உள்ளவையும் வருகின்றன. டின்னும் 440 மில்லியாக இருக்கிறது. கணக்குப் போட்டால் 35 மில்லிக்கு மேல். ஆகவே "ஒரே ஒரு டின்தான் அண்ணே" என்று சொல்கிறவன் சாதாரண டின்னில் இரண்டுக்கு மேல் குடித்திருக்கிறான். அவனுக்கே அது தெரிவதில்லை. டின்னின் ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பதை அவன் படிப்பதில்லை.

கூலிக் கணக்கு

இனிக் கூலிக்கு வருவோம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 ரிங்கிட் ஆக்கப்பட்டது. 26 நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் சொச்சம். கைவினை பீர் டின் ஒன்று 20 ரிங்கிட் என்று வைத்துக் கொள்வோம். சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. அதற்குமேல் தொடுவதில்லை என்று கட்டுப்பாடாக இருக்கும் பிள்ளையையே எடுத்துக் கொள்வோம். மாதம் 16 டின், 320 ரிங்கிட். ஏறத்தாழ ஐந்து நாள் கூலி! ஆண்டுக்கு 3,840 ரிங்கிட். இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேலே போகிறது.

அந்த ஐந்து நாளும் அவன் யாருக்காக வேலை செய்தான்? டின் செய்தவனுக்காக, கப்பலில் கொண்டு வந்தவனுக்காக, கடைக்காரனுக்காக, வரி வாங்கும் கஜானாவுக்காக. 2016 மார்ச்சில் விதித்த கணக்குப்படி ஒரு லிட்டர் சாராயச் சத்துக்கு 175 ரிங்கிட் தீர்வை. நாம் முன்னே சொன்ன சாதாரண டின்னில் 2 ரிங்கிட் 80 காசு அப்படியே வரியாகப் போயிற்று. அதற்குப் பின் வரியை ஏற்றியிருக்கிறார்களே தவிர இறக்கவில்லை. ஆறு காசு உயர்வுக்காக மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்தும் சங்கத்தார் நாங்கள். ஒரு சனிக்கிழமை இரவில் நாற்பது ரிங்கிட் போவதைப் பார்த்தால் எங்கள் வயிறு எரியாதா?

வரியை ஏற்றி விலையைக் கூட்டிவிட்டால் குடி நின்றுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. விலை எட்டாதவன் மலிவு மதுவைத் தேடிப் போகிறான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் என்னும் விஷம் கலந்த மதுவைக் குடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். இன்று இந்தத் தேயிலைச் சரிவுகளில் நம்மோடு நின்று வேலை செய்கிறவர்களும் அவர்களைப் போன்றவர்களே. ஊருக்குப் பணம் அனுப்ப வந்தவன் பெட்டியில் திரும்பிப் போவதைவிடக் கொடுமை உண்டா? பெயர் தெரியாத மது, முத்திரை இல்லாத மது, பாதி விலை மது எதையும் தொடவேண்டாம் என்று அவர்களுடைய மொழியிலேயே அவர்களுக்குச் சொல்வது நம் கடமை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 டிசம்பர் 1 முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 2020 அக்டோபரில் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். குடித்துவிட்டு வண்டியோட்டி ஓர் உயிரைப் போக்கினால், முதல் குற்றத்துக்கே பத்து ஆண்டு முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை. அபராதம் ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் ரிங்கிட் வரை. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பாதையை நாங்கள் உங்களுக்கு வருணிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவிலே மூடுபனி. காய்கறி லாரி ஓட்டும் நம் பிள்ளைகளுக்குத் தெளிவான கண்கூடச் சில நேரம் போதாத பாதை அது.

பாட்டியின் கேள்விக்குப் பதில்

தோழர்களே! குடிக்காதே என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பிள்ளை ஏன் அந்த டின்னை விரும்புகிறான் என்று கேட்க வேண்டும். போதை ஒரு காரணம். ருசி ஒரு காரணம். ஆனால் மரியாதைதான் பெரிய காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். அந்த டின்னைக் கையில் பிடிக்கும்போது அவனுக்குத் தானும் நாலு பேருக்குச் சமமானவன் என்ற எண்ணம் வருகிறது. ஓட்டலில் மேசை துடைக்கும்போது கிடைக்காத மரியாதையை இருபது ரிங்கிட் கொடுத்து வாங்குகிறான். காலையில் டின் காலி, மரியாதையும் காலி.

கைவினை பீரை உலகம் ஏன் அதிக விலை கொடுத்து வாங்குகிறது? யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறார்கள்; அந்தக் கைத்திறனுக்கு மக்கள் விலை கொடுக்கிறார்கள். இந்தப் பாடத்தை மட்டும் அந்த டின்னிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம்மவர்கள் இங்கே காடு வெட்டினார்கள், பாதை போட்டார்கள், செடி நட்டார்கள். நிற்கவே முடியாத சரிவில் கூடையோடு நின்றார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எந்த இலை இளசு, எது முற்றல், எந்த மட்டத்தில் வெட்டினால் செடி மறுபடி தழைக்கும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். இன்று கத்தரியும் யந்திரமும் வந்துவிட்டன. ஆனாலும் யந்திரத்தைப் பிடிக்கும் கைக்கு அந்த அறிவு வேண்டும். வாட்டுவதும் உருட்டுவதும் காற்றாட விடுவதும் உலர்த்துவதும் சலிப்பதும் தனித்தனித் திறமைகள். சுற்றுலாக்காரன் வந்து பச்சைப் பசேலென்ற சரிவைப் படம் பிடித்துப் போகிறான். அந்தச் சரிவை மட்டமாகச் சீவி வைத்த கையை அவன் பார்ப்பதில்லை.

இதைக் கைவினை என்று சொல்ல யாரும் இல்லையே, ஏன்? திறமையற்ற வேலை என்று தாளில் எழுதி, குறைந்தபட்சச் சம்பளத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கும் நேற்று வந்தவருக்கும் கூலியில் பெரிய வேறுபாடு இல்லாமல் போகிறது. ஆகவே நாங்கள் கேட்பது இது: அனுபவத்துக்கும் திறமைக்கும் தனிப்படி வேண்டும். ஆலையிலும் வயற்காட்டிலும் கற்ற திறமைக்குச் சான்றிதழ் வேண்டும். சுற்றுலாக்காரருக்குத் தேயிலை ஆலையைக் காட்டும் தோட்டங்களில், அந்தத் தேயிலையை உண்டாக்கிய தலைமுறைகளின் கதையையும் சொல்ல வேண்டும். பாட்டியின் பெயர் பாக்கெட்டில் வருகிறதோ இல்லையோ, பாட்டியின் திறமை சம்பளச் சீட்டில் வரவேண்டும்!

நாம் செய்ய வேண்டியது

முதலாளிகளிடம் கேட்பதைச் சொன்னோம். நம்மிடமே நாம் கேட்க வேண்டியதும் உண்டு.

ஒன்று: கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா ஆகிய மூன்றிலும் மது டின் நுழையக் கூடாது என்று ஒவ்வொரு லயத்திலும் பெரியவர்களும் இளைஞர்களும் கூடி முடிவெடுக்க வேண்டும். மதுவை மார்க்கம் விலக்கிய முஸ்லிம் தோழர்கள் நம் பக்கத்து அறைகளில் வாழ்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் நடப்பது தொழிலாளர் ஒற்றுமைக்கு அடிப்படை.

இரண்டு: குடிக்கிறவர்களை ஒதுக்கி வைக்காதீர்கள். ஒதுக்கியவன் இருட்டில் போய்க் குடிப்பான். ஒரே ஒரு மாதம், அவனை ஒரு நோட்டில் கணக்கு எழுதச் சொல்லுங்கள். எத்தனை டின், எத்தனை ரிங்கிட். உபதேசத்தைவிட அந்த நோட்டு நன்றாகப் பேசும். குடியை நிறுத்த முடியாமல் தவிக்கிறவர் இருந்தால் அரசாங்க மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது வியாதி, வெட்கப்படத் தேவையில்லை.

மூன்று: மாலை ஆறு மணிக்குமேல் இந்த மலையில் இளைஞன் போக இடம் எது? குளிர் ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம். பூப்பந்து ஆட ஒரு கொட்டகை, படிக்க ஒரு நூல்நிலையம், நாடகம் பழக ஒரு மேடை இருந்தால் அவனுக்குப் பேச நாலு பேர் கிடைப்பார்கள். அந்தக் காலத்தில் கள்ளுப் பணத்தில் நமக்குப் பந்து வாங்கிக் கொடுத்தார்கள். இன்று நம் சொந்தப் பணத்தில், மாதம் ஒரு டின்னின் விலையை ஒவ்வொருவரும் கொடுத்தால், நாமே அதைவிட நன்றாக நடத்தலாம். முப்பது பேர் சேர்ந்தால் மாதம் 600 ரிங்கிட் ஆயிற்றே!

நான்கு: தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குடியின் கணக்கை முதலில் அறிகிறவர்கள் நீங்கள். அரிசிப் பானையிலும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவிலும் அது தெரிந்துவிடும். சங்கக் கூட்டத்தில் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. பின்வரிசையில் நிற்காமல் முன்னே வந்து பேசுங்கள்.

பேச்சை முடிக்குமுன் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். பாட்டி அப்படிக் கேட்ட பிறகு அவன் டின்னைத் திறக்காமலேயே எழுந்து போனான். மறுநாள் காலை நாங்கள் புறப்படும்போது பாட்டி எங்களுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்தார். பையனும் ஒரு குவளை வாங்கிக் கொண்டு வாசலில் நின்றான். குடித்துவிட்டு, "இது எந்தத் தூள் பாட்டி?" என்று கேட்டான். பாட்டி, "நம்ம கை பட்டதுதான்டா, வேறென்ன" என்றார். அந்த வீட்டில் அவன் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவையாம்.

அன்று இரவு அந்த டின் என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு டின்னை மூடி வைத்தால் உலகம் மாறிவிடும் என்று சொல்லவும் நாங்கள் வரவில்லை. தன் கையின் மதிப்பை அறிந்த தொழிலாளி மரியாதையைக் கடையில் விலைக்கு வாங்கத் தேவையில்லை என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது. கிள்ளானிலும் கெடாவிலும் நம் முன்னோர்கள் கள்ளுக்கடை வாசலில் நின்று கற்றுக் கொடுத்த பாடமும் அதுதான்.

உங்கள் கூலி உங்கள் வீட்டிலேயே தங்கட்டும்! உங்கள் கைத்திறனுக்கு உரிய மதிப்பு கிடைக்கட்டும்! அதற்கு வழி ஒன்றே. ஒன்று சேருங்கள், சங்கத்தில் நில்லுங்கள்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!